அகத்திக்கீரையும் அரை ஜிலேபியும்

எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியம் வந்தாலும், நாள் பார்ப்பதற்கும் மண்டபம் பார்ப்பதற்கும் முன்னால் ஒரு தீர்மானம் போடுவார்கள். என்னை அடுப்படிப் பக்கம் விடக்கூடாது என்பதுதான் அது. ஒருமனதாக நிறைவேறும். நானும் சேர்ந்து கையைத் தூக்கிவிடுவேன். (தூக்காவிட்டால் மட்டும் விட்டுவிடப் போகிறார்களா என்ன?)

இதற்கெல்லாம் மூலகாரணம் அப்பாவின் இதயம்.

பெருங்களத்தூரில் எங்கள் ஃபிளாட் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒருநாள் காலை அப்பா மளிகைப் பையோடு ஏறி வந்தவர், பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை. நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது, "ஒண்ணும் இல்லடா, வாயுதான்" என்று சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். அப்பா பிழைத்துவிட்டார். நான்தான் அந்தப் பயத்திலிருந்து பிழைக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது உணவு ஆலோசகர் ஒரு பெண், ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். தினமும் கீரை, காய்கறி. பருப்பு, கொள்ளு. ஒரு கைப்பிடி வேர்க்கடலை. வாரம் ஒன்றிரண்டு தடவை மீன், ஆனால் பொரிக்காமல் குழம்பில். உப்பைக் குறைக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும், இனிப்பு எப்போதாவது கொஞ்சம். "எல்லாம் உங்க வீட்ல இருக்கற சாமான்தான் சார். புதுசா எதையும் தேடி வாங்க வேண்டாம். அளவுதான் முக்கியம்" என்றார். அம்மாவுக்குப் புரிந்தது, அப்பாவுக்கும் புரிந்தது. நான் மட்டும் அந்த 'அளவு' என்ற சொல்லை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

குறைக்கச் சொன்னதையெல்லாம் ஒழித்தேன். உப்பு ஜாடியை பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஊறுகாயைப் பக்கத்து வீட்டுக்குத் தாரை வார்த்தேன். அப்பா பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடக்கப் போனால், திரும்பி வந்ததும் வாயை முகர்ந்து பார்க்கும் அளவுக்கு முற்றியது எனக்கு. சட்டைப் பையில் ஃபோன் வைத்தால் இதயத்துக்கு ஆகாது என்று எங்கேயோ படித்துவிட்டு, வெளியே போகும்போது அவர் ஃபோனையும் பிடுங்கி வைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று சொல்லி அடுப்பையே கைப்பற்றினேன்.

அப்பா ஞாயிறுதோறும் தட்டைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். "டேய், உயிரோட இருக்கறவனுக்குப் போடற சாப்பாடாடா இது?" என்பார். நோயாளியின் அடம் என்று நினைத்துக்கொள்வேன். அது அடம் இல்லை, மிகத் துல்லியமான ஆட்சேபணை என்பது எனக்கு அப்போது தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் தங்கை வித்யாவின் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சு என்றால் புதிய பேச்சு இல்லை. வித்யாவும் கார்த்திக்கும் பெருங்குடியில் ஒரே ஆபீஸ். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பி வருஷங்கள் ஆகிவிட்டன. கார்த்திக் வீடு பம்மலில். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்த பிள்ளை. அவனை வளர்த்தது அவன் அப்பாவின் தங்கை, சரோஜா அத்தை. தன் கல்யாணத்தையே வேண்டாம் என்று தள்ளிவிட்டு அண்ணன் மகனைத் தூக்கி வளர்த்தவர். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். இந்தக் காதலுக்கு அவர் பிடி கொடுக்கவே இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "ஒரு தபா போய்ப் பாக்கறேன். மனசுக்குப் பட்டா அன்னிக்கே பூ வச்சுட்றேன். படலன்னா அதோட வுட்ரணும், அப்பால அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது." கார்த்திக் சரியென்று அத்தை கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

ஆக, வித்யாவின் வாழ்க்கை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. அவர்கள் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. கேசரியும் பஜ்ஜியும் அம்மா பொறுப்பு. (பஜ்ஜியை எண்ணெய் இல்லாமல் சுட முடியுமா என்று கேட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்த விதத்தில் அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.) காலையில் அம்மாவும் வித்யாவும் டெய்லரிடம் பிளவுஸ் வாங்க குரோம்பேட்டை போனார்கள். அப்பா பூவும் வெற்றிலையும் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார். நடந்தால் நல்லதுதானே என்று நானே அனுமதி கொடுத்தேன். வீட்டில் நானும் அடுப்பும்.

நல்ல நாள் என்பதால் மீன் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். சரி, கீரைதான். அகத்திக்கீரை கிடைத்தது. துவட்டினேன். பாகற்காய் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் உறுதி கொடுத்திருந்தார். அதையும் வேகவைத்தேன். வாழைக்காய், கொத்தவரங்காய், கொள்ளு ரசம். கடைசியாக எள்ளுருண்டை பிடித்தேன், வெல்லம் வாசனைக்குத்தான். எதிலும் உப்பு கிடையாது. எண்ணெய் கண்ணில் காட்டியதோடு சரி. இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல பதார்த்தம்தான். மொத்தமாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கும் மூளை எனக்கு இல்லை.

அப்போது அம்மாவின் ஃபோன் அடித்தது. மறதியாக சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். எடுத்தேன். சரோஜா அத்தை.

"யாரு, பொண்ணோட அண்ணனா? தம்பி, ஞாயித்துக்கெழம நாலரைக்கு மேல ராகு காலம்பா. யாருமே பாக்கல. அதான் இப்பவே கெளம்பி வந்துகினு கீறோம். பல்லாவரம் தாண்டிட்டோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் பெண் இல்லை, பெண்ணைப் பெற்றவர்கள் இல்லை. ஆனால் அண்ணன் என்று ஒருவன் இருக்கிறானே, சமாளிக்க மாட்டானா? "வாங்க அத்தை, வாங்க. மதியச் சாப்பாடு இங்கேயே சாப்பிட்டுடலாம். எல்லாம் ரெடியா இருக்கு" என்றேன்.

"சாப்ட்றதா?" என்று ஒரு குரல். பிறகு மெதுவாக, "செரி தம்பி. வர்றோம்."

சம்பந்தம் உறுதியாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பஜ்ஜி, காபியோடு எழுந்துவிடுவார்கள். இலை போட்டுச் சாப்பிட ஒருவர் சம்மதித்தால், பாதிக்கு மேல் மனசு வந்துவிட்டது என்று அர்த்தம். வித்யா வருஷக்கணக்கில் காத்திருந்த அந்தச் சம்மதத்தை, என்னவென்றே தெரியாமல் ஒரு ஃபோன் காலில் வாங்கிவிட்டேன். அதைக் கெடுக்க எனக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் தேவைப்பட்டது.

வித்யாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அப்பாவின் ஃபோன் என் எதிரில் மேஜை மேல் கிடந்தது, இதயத்தைக் காப்பாற்றிக்கொண்டு. கீழே கடையில் வாழை இலை வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வருவதற்கும் அவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

மூன்று பேர். முன்னால் பட்டுப் புடவையில் சரோஜா அத்தை. பின்னால் கார்த்திக்கின் அப்பா, பேசாத மனிதர், தங்கை பேசுவதற்குத் தலையாட்டவே வந்தவர் போல. கடைசியில் கார்த்திக், கழுத்து வரை பட்டன் போட்டு. அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அம்மா ஏற்றி வைத்துவிட்டுப் போன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "வூடு நல்லா கீது" என்றார். கார்த்திக் முகத்தில் உயிர் வந்தது.

வித்யாவும் அம்மாவும் வந்துவிடுவார்கள், வழியில் டிராஃபிக் என்று சொல்லி, கூடத்தில் பாய் விரித்து இலை போட்டேன். இலையின் நுனி இடது கைப்பக்கம் வர வேண்டும். நான் போட்டதில் வலப்பக்கம் போய்விட்டது. எதிர்ச் சுவரில் எங்கள் தாத்தாவின் படம், மாலையோடு. இலையில் முதலில் உப்பு வைப்பார்கள், உப்பு பீரோவில். அடுத்து இனிப்பு. இனிப்பு வைக்கும் இடத்தில் எள்ளுருண்டை வைத்தேன். பிறகு அகத்திக்கீரை. பிறகு பாகற்காய்.

அத்தையின் முகத்தில் இருந்த சிரிப்பு எள்ளுருண்டையிலேயே நின்றுவிட்டது. அகத்திக்கீரை விழுந்தபோது அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையாட்டவில்லை. நான் வாழைக்காயை அள்ளி வைத்துக்கொண்டே, "எல்லாம் நெஞ்சுக்கு ரொம்ப நல்லது அத்தை" என்றேன். கார்த்திக் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ஏதோ சொன்னான். பிள்ளைக்குப் பசி போல என்று அவனுக்கு இன்னொரு கரண்டி பாகற்காய் வைத்தேன்.

யாரும் இலையில் கை வைக்கவில்லை. கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மா தினமும் காக்காவுக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் யாருக்கும் பரிமாற மாட்டார். பரம்பரைப் பழக்கத்தை விடலாமா?

"ஒரு நிமிஷம் இருங்க அத்தை. காக்காவுக்கு வச்சுட்டு வந்துடறேன். அது சாப்பிட்டதும் ஆரம்பிச்சிடலாம்."

பால்கனிக் கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்து "கா... கா..." என்று கூப்பிட்டேன். மற்ற நாட்களில் அந்தக் காக்கா என்னை மனிதனாகவே மதிக்காது. அன்றைக்குக் கூப்பிட்ட குரல் முடிவதற்குள் வந்து உட்கார்ந்தது.

உள்ளே இருந்து அத்தையின் குரல், ரொம்பத் தாழ்வாக. "வந்துட்சா?"

"வந்துடுச்சு அத்தை."

"துன்னுதா?"

"நல்லாச் சாப்பிடுது அத்தை" என்றேன் உற்சாகமாக. விருந்தாளி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று சந்தோஷம் வேறு. திரும்பி வந்தபோது கார்த்திக்கின் கண் கலங்கியிருந்தது. இலையைப் பார்த்தபடி, "அம்மாவுக்கு இப்படித்தான் போடுவோம்" என்றான்.

"எங்க அண்ணிக்குப் போன மாசம்தான் தெவசம் குட்த்தோம்" என்றார் அத்தை. குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "இதே அகத்தி. இதே பாவக்கா. இதே எள்ளுருண்ட. காக்கா வர்ற வரைக்கும் இப்டித்தான் குந்திகினு இருந்தோம். சொல்லு தம்பி, நாங்க பொண்ணு பாக்க வந்துகீறோமா, கருமாதிக்கு வந்துகீறோமா?"

எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கீரை, காய், எள், உப்பில்லாத சோறு, திரும்பிய இலை, எதிரே தாத்தா படம், விளக்கு, காக்கா. ஒன்று குறையவில்லை. ஐயர் ஒருவர்தான் பாக்கி.

"இல்லத்தை... கொலஸ்ட்ரால்..." என்றேன்.

அத்தை எழுந்தார். கார்த்திக்கின் அப்பாவும் எழுந்தார். "ஏந்திரிடா" என்றார் அத்தை. "அத்தை, ஒரு நிமிஷம்..." என்று கார்த்திக் இழுத்தான். "கையில அட்ச்சு சத்தியம் பண்ணிகீற" என்றார். அவன் எழுந்து நின்றான். அந்த நேரத்தில் குரோம்பேட்டையில் என் தங்கை பிளவுஸ் கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கல்யாணத்துக்கு நான் இங்கே இலை போட்டுக் காரியம் செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது இரண்டே தடவைதான். முதல் தடவை எங்கள் மாடிப்படியில்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா. ஒரு கையில் பூப் பொட்டலம். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். உள்ளே வந்தவர், நிற்கிற மூன்று பேரையும் பார்த்தார். தொடாத மூன்று இலைகளைப் பார்த்தார். பால்கனியில் அலகைத் துடைத்துக்கொண்டிருந்த காக்காவைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. ஞாயிறுதோறும் சாப்பிட்டவர் ஆயிற்றே.

"உக்காருங்கம்மா" என்றார். அத்தை உட்காரவில்லை. அப்பா கெஞ்சவும் இல்லை.

"போக வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. எனக்கு மார்ல ஸ்டென்ட் வச்சிருக்கு. இந்தப் படியிலதான் விழுந்தேன். அன்னையிலேருந்து இவன் பயந்து போய்க் கெடக்கறான். நான் கண்ண மூடித் தூங்கினா, மூச்சு வருதான்னு மூக்குல வெரல் வச்சுப் பாக்கறான். அகத்திக்கீரைய எங்க வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு இவனுக்குத் தெரியாதும்மா. இது செத்தவங்களுக்குப் போட்ட சாப்பாடு இல்ல. நான் செத்துடக் கூடாதுன்னு போட்ட சாப்பாடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் கொள்ளு ரசக் கரண்டியோடு அழுதேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மகனையும் இழந்துவிடுவோமோ என்று பயந்து பயந்து வளர்த்தவருக்கு, பயந்தவனைப் பார்த்தால் தெரியாமலா போகும்? பிறகு பாயில் உட்கார்ந்தார்.

"உப்பு கீதா வூட்ல?"

பீரோவைத் திறந்து உப்பு ஜாடியை எடுத்து வந்தேன். துணிமணிக்கு நடுவிலிருந்து உப்பு வருவதை அவர் பார்த்தார். பழைய இலைகளை எடுக்கச் சொல்லி, புது இலையை நுனி இடப்பக்கம் வரும்படி தானே போட்டார். மூலையில் உப்பு வைத்தார். "இனிப்பு எட்த்தா" என்றார்.

இனிப்பு? கேசரிக்கு ரவையே இன்னும் வறுக்கவில்லை. நான் விழித்தேன். "நல்ல காரியம் பேசற வூட்ல ஒரு இனிப்பு கூடவா இல்ல?" என்றார். குரல் மறுபடி இறங்கத் தொடங்கியது.

அப்பா என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு முதுகுக்குப் பின்னால் இருந்த கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். பிரித்தார். ஜிலேபி. இன்னும் சூடு ஆறவில்லை.

"என்னப்பா இது?" என்றேன்.

"வந்தவங்களுக்குடா."

"இவங்க இப்ப வர்றதே உங்களுக்குத் தெரியாதே."

பொட்டலத்தின் ஓரத்தில் இருந்த ஒரு ஜிலேபி பாதிதான் இருந்தது. மீதிப் பாதி எங்கே போயிற்று என்பது அவர் மீசையிலேயே தெரிந்தது. கார்த்திக்கின் அப்பா, அதுவரை வாயே திறக்காத மனிதர், களுக்கென்று சிரித்துவிட்டார். அத்தைக்கும் அடக்க முடியவில்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

சிரித்து முடித்து, இலையில் முழு ஜிலேபி ஒன்றை வைத்துக்கொண்டு, விண்டு வாயில் போட்டார். கை நனைந்துவிட்டது. அந்தப் பாதி ஜிலேபியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "நீங்களும் எட்த்துக்கோங்க சம்மந்தி."

சம்மந்தி. அந்தச் சொல்லுக்குப் பிறகு கொடுக்கிற இனிப்பை மறுத்தால் அதைவிட அபசகுனம் கிடையாது. அப்பா என் கண்ணை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், சர்க்கரைப் பாகு விரலில் வழிய அதைச் சாப்பிட்டார். நான் கை கட்டி நின்றேன். வேறு என்ன செய்வது?

கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வித்யாவும் வந்தார்கள். விருந்தாளிகள் கொள்ளு ரசத்தில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் நான் எடுத்து வைத்த பழைய இலைகளில் அகத்திக்கீரையும் எள்ளுருண்டையும் இருப்பதை அம்மா பார்த்தார். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை எழுந்து, அப்பா வாங்கி வந்த பூவைப் பிரித்து, நடந்தது எதுவும் தெரியாமல் திகைத்து நின்ற வித்யாவின் தலையில் வைத்தார். "உங்க அண்ணன் மாதிரி ஒருத்தன் வூட்ல இருந்தா எமன் கூட வாசல்ல நின்னு யோசிப்பான்" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அடுத்த செக்கப்பில் உணவு ஆலோசகரிடம் அப்பா எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். அவர் சிரித்து ஓய்ந்து, குறைக்கச் சொன்னால் குறைக்கத்தான் வேண்டும், என்றைக்கோ அரை ஜிலேபியால் ஒன்றும் ஆகிவிடாது, மனுஷனைச் சந்தோஷமாகச் சாப்பிட விடுங்கள் என்று எனக்குத்தான் ஆலோசனை சொல்லி அனுப்பினார். உப்பு ஜாடி அடுப்படிக்குத் திரும்பியது. சரோஜா அத்தையிடமிருந்து மட்டும் ஒவ்வொரு அமாவாசைக்கும் முதல் நாள் எனக்கு ஃபோன் வரும். "தம்பி, அந்தப் பாவக்காய எப்டிப் பண்ணே, சொல்லு. நாளைக்குப் படையலுக்கு வோணும்." என் சமையல் கடைசியில் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

போன மாதம் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூட. மறுநாள் மதியம் அம்மா என் தட்டில் அகத்திக்கீரையும் பாகற்காயும் வைத்தார். பக்கத்தில் அப்பா, அதே கீரையை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உயிரோட இருக்கறவனுக்குப் போடற சாப்பாடாம்மா இது?" என்றேன்.

அப்பா தலையைத் தூக்கவே இல்லை. "பேசாம இருடா," என்றார், "காக்கா இன்னும் வரல."